நஞ்சா, மருந்தா?

இராமேஸ்வரத்துக் கடலில் முழுகினால் பிள்ளைவரம் கிடைக்குமென்கிறோம். பிள்ளை பிறந்ததும் தாயைத் தீட்டென்று ஒதுக்கி, கூடவந்த கொடியை நஞ்சென்று புதைக்கிறோம். ஆனால் 1988-இல் பாரிஸ் வைத்தியர்கள், பிறந்த பெண்குழந்தையொன்றின் கொடியிரத்தத்தை, இரத்தம் ஊறாத பிறவிநோயுள்ள அவளது அண்ணனுக்கு ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அதிலிருந்த ஸ்டெம் செல்கள் அவன் எலும்பு மஜ்ஜையில் குடியேறிப் புது இரத்தத்தை உண்டாக்கின. எந்த ஹோமம் இதைச் செய்தது?

இப்பொழுதோ, பிள்ளையின் கொடியிரத்தத்தை அவனுக்கென்றே சேமிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கும் கம்பெனிகள் கிளம்பியுள்ளன. அண்ணனைப் பிழைக்க வைத்தது தங்கையின் இரத்தமேயன்றி அவனுடையதல்லவே! பிறவிக் கோளாறுள்ளவனின் கொடியிலும் அதே கோளாறுதானே இருக்கும்? தனக்கெனச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரமில்லையென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே தோழர்களே, பணம் கேட்பவன் புரோகிதனானாலும் கம்பெனிக்காரனானாலும், முதலில் ஆதாரத்தைக் காட்டென்று கேட்போமாக!