பொன்னோலை சென்ற நகரம்

 

ராஜகீழ்ப்பாக்கத்திலும் தாம்பரத்திலும் பிள்ளைகளைக் காண அயல்நாடு சென்றுவரும் பெற்றோர் இன்று பலர். அவர்களுள் சிலர் உல்லாசக் கப்பலேறி ஐரோப்பாவின் வடபுலத்து நகரங்களையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரங்களுள் ஒன்று டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகன்.

காலையில் கப்பல் துறையை அடைகிறது, மாலையில் புறப்பட்டுவிடுகிறது. பயணியின் கையில் இருப்பது ஒரு பகற்பொழுதே. லாங்கெலீனித் துறையில் இறங்குவோர் முதலில் நாடிச் செல்வது கடற்கன்னிச் சிலையை. ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையின் நாயகி அவள். 1913இல் நிறுவப்பெற்ற அவ்வெண்கலச் சிலையின் உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். அதன்பின் நீஹாவன் கால்வாய்க் கரையின் வண்ண வீடுகள், அமாலியன்போர்க் அரண்மனையின் காவலர்கள், சில நினைவுப் பொருள்கள். அத்துடன் பொழுது முடிந்துவிடுகிறது.

இதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் தமிழர் ஒருவர் அந்நகரில் அடியெடுத்து வைக்கும்போது, அவர் முன்பின் அறியாத ஊருக்கு வந்த விருந்தினர் அல்லர். நானூறு ஆண்டுக்கால உறவு அங்கே அவருக்காகக் காத்திருக்கிறது.

1618ஆம் ஆண்டின் இறுதியில் ஓவே ஜெட்டே என்பவரின் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. அவை இலங்கைக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டேனியர்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. அவ்வாண்டில் நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் பொறித்த ஓலை ஒன்றை விடுத்தார். அதன் வாசகம் தமிழ், கையொப்பம் தெலுங்கு. அவ்வோலை டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகிறது. டேனிய வணிகக் கழகங்களின் ஆவணத் தொகுதிக்கு யுனெஸ்கோ 1997இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடமளித்தது.

உறவு வணிகத்தோடு நிற்கவில்லை. நான்காம் பிரெடரிக் அரசர் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார், அச்சுக்கூடம் அமைத்தார். புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறி நிறைவுற்றது.

இங்கே ஓர் எளிய மனிதரை நினைவுகூர வேண்டும். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். தமிழ்ப் பணியில் அவருக்குத் துணைநின்றார். 1716இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் அச்சாயிற்று. அவ்வாண்டிலேயே இருவரும் தரங்கம்பாடி திரும்பினர். அவர்களது பயணத்தில் மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டளை இல்லை. திரும்புவோம் என்ற உறுதியும் இல்லை.

கோபன்ஹேகனில் ஆசிய சதுக்கம் என்று பொருள்படும் ஓரிடம் உண்டு. 1732இல் தோன்றிய டேனிய ஆசியக் கழகம் சரக்குகளை வைத்த கிடங்கு அங்கே நிற்கிறது. சிலைக்கருகே புகைப்படம் எடுத்துக்கொள்ளும் தமிழர்களுள், அக்கிடங்கையோ பொன்னோலையையோ பற்றி வினவுவோர் எத்தனை பேர்? தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. விற்ற நாடு பழைய ஆவணங்களைக் காத்து வைத்திருக்கிறது. அவ்வோலையை எழுதிய மொழிக்கு உரியவர்களோ அதனை மறந்துவிட்டோம். இஃது எண்ணி வருந்தத்தக்கது.

ஆண்டர்சனின் கடற்கன்னி, கால்கள் பெறுவதற்காகத் தன் குரலை இழந்தவள். கப்பலேறும் தமிழரும் ஊர் பார்க்கும் வேகத்தில் தம் வரலாற்றின் குரலை இழந்துவிடலாகாது. வடபுலம் செல்ல எண்ணுவோர் முதலில் தரங்கம்பாடி சென்று வருக. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒருநாட் பயணத்தில் கோட்டையையும் கடலையும் கண்டு திரும்பலாம்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையப்பன் கண்ட குளிரை, நடுக்கடலின் இரவுகளை, அயல்மொழிகளின் நடுவே தமிழ் எழுத்துகளை ஒலித்துக்காட்டிய அவ்விளைஞரின் தனிமையைப் பாடுங்கள். அடுத்த பத்தாண்டு மலரில் அப்பாடல்கள் இடம்பெறட்டும்.