தோலும் மூவிழைக் கயிறும்



மனித உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எதனோடு கைகோக்கிறது என்று அறிஞர்கள் இன்று வரைபடம் தீட்டி வருகின்றனர். அத்தகைய பிணைப்பு ஒன்றைச் சென்னையிலேயே கண்டு சொன்னார்கள். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று நிறுவினர். உயிரணுவுக்குள்ளேயே அக்கயிறு முறுக்கேறி, பின்னரே வெளிவந்து எலும்பையும் தோலையும் தாங்குகிறது. இழையில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே அமரும். கயிற்றின் நடுவில் மற்றதற்கு இடமில்லை. அங்கே வேறொன்று புகுந்துவிட்டால், பிறக்கும் குழந்தையின் எலும்பு தொட்டாலே முறியும் நிலையும் நேரலாம்.

ஆய்வுக்குக் கொலாஜன் கொடுத்து உதவியது எது தெரியுமா? அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம்!

ஆவாரம்பட்டைச் சாறு இந்தக் கொலாஜன் இழைகளைப் பிணைத்துப் பிடிப்பதால்தான் தோல் அழுகாமல் பதமாகிறது. நம் பாட்டன்மார் தொட்டியில் இறங்கிச் செய்த வேலை அது. ஆய்வுக்கூடத்தில் அதைத் தொட்டவரை உலகம் போற்றியது, தகும். தொட்டியில் தொட்டவரையோ ஊர் தெருவுக்கு வெளியே நிறுத்தியது.

திருநெல்வேலி டவுணில் நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவுக்கு அஞ்சி ஒதுங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்கென மாலை வகுப்பொன்றை இச்சங்கம் வரும் ஜூனிலேயே தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.