குறைமாதக் குழந்தையும் கிருமிகொல்லி மருந்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

நான் பல்கலைக்கழக மாணவன், வைத்தியன் அல்லன். ஆயினும், ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்கவேண்டிய விஷயமொன்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. இரத்தத்திற் கிருமி புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் பிரியலாம். ஆகவே, ஐயம் எழுந்தவுடனே வைத்தியர்கள் கிருமிகொல்லி மருந்தை ஏற்றுகின்றார்கள். அது நியாயமே. அம்மருந்துகள் காத்த உயிர்கள் எண்ணிலடங்கா.

ஆனால், காக்கவென்று கொடுத்த மருந்தே கேடு செய்ததும் உண்டு. 1959இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் வருமுன் தடுக்கக் குளோறம்பெனிக்கோல் என்ற மருந்தைப் பெற்ற குறைமாதக் குழந்தைகள், பெறாத குழந்தைகளிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இறந்தன. முதிராத ஈரலால் அம்மருந்தை மாற்றி வெளியேற்ற முடியவில்லை.

இன்று அந்த மருந்து குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை. ஆனால் வேறொரு கவலை எழுந்துள்ளது. அது குடலைப் பற்றியது. பிறந்த சில நாட்களில் குழந்தையின் குடலிற் பலவகை நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. நல்லவை தீயவற்றைத் தலையெடுக்க விடா. கிருமிகொல்லியோ நல்லது கெட்டது பார்ப்பதில்லை. நல்லவை அழிய, மருந்துக்கு மசியாத தீயவை அவ்விடத்தைப் பிடிக்கலாம். குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய குடல் நோயொன்றில், குடல் வீங்கி, அதன் சுவரே அழுகித் துளைபடுவதுண்டு.

2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஒரு கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள 4,039 குழந்தைகளை ஆராய்ந்தது. இரத்தப் பரிசோதனையிற் கிருமி காணப்படாத நிலையிலும், 5 நாளோ அதற்கு மேலோ மருந்து பெற்ற குழந்தைகளிடையே, இக்குடல் நோயோ மரணமோ நேரும் வாய்ப்புக் கூடியிருந்தது. நலிந்த குழந்தைக்கே கூடிய நாள் மருந்து கொடுத்திருப்பார்கள் என வாதிக்கலாம். அது தக்க வாதமே. ஆகவே மருந்து ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. தேவையற்ற ஒரு நாள் மருந்தும் தீங்கற்றதன்று என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நாம் செய்யக்கூடியது என்ன? “இன்னும் ஓர் ஊசி போடுங்கள், ஐயா” என்று வைத்தியரை நெருக்காதிருப்போம். மருந்தை நிறுத்தலாமென அவர் சொன்னால், பிள்ளையைக் கைவிட்டார் என எண்ணாதிருப்போம். நாமாக நிறுத்தவும் வேண்டாம். அத்துடன், பெற்றவளுக்குத் துணைநின்று, தாய்ப்பால் கறந்து கொடுக்க உதவுவோம். 1990இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு, தாய்ப்பாலே உண்ட குறைமாதக் குழந்தைகளிலும், புட்டிமா மட்டும் உண்டவற்றில் இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம் எனக் கண்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றனர் நம் முன்னோர். கைப்பிடி அளவான அந்தச் சிற்றுயிருக்கு அளவு இன்னும் சிறிது என்பதை நினைவிற் கொள்வோம்.