வன்னிச் சிறுவரின் மனநலமும் நமது பங்கும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வன்னியில் பணிபுரியும் வைத்தியர் என்ற வகையில், அங்குள்ள பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். நமது சங்கக் கிளைகள் பலவும் வன்னிக்கு ஏதாவது செய்ய விரும்புகின்றன. ஆகவே, எந்த உதவி பிள்ளையைப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள் அதன் பின் பிறந்தவர்கள்தானே, அவர்களுக்கு என்ன பாதிப்பு என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கான விடை அவர்களுடைய வீட்டுக்குள் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையோர மக்கள் 2004 டிசம்பரில் சுனாமியைக் கண்டவர்கள். பின்னர் வன்னி முழுவதும் இடம்பெயர்வின் மேல் இடம்பெயர்வு. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மாவட்ட முகாம்களில் இருந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். அன்று பத்து வயதில் முட்கம்பி வேலிக்குள் நின்ற பிள்ளைகள் பலர் இன்று தாய், தந்தையர். அவர்களுடைய நித்திரையின்மையும் திடீர்க் கோபமும் மௌனமும் அடுத்த தலைமுறையின் வீட்டுச் சூழலாகிவிட்டன.

மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் வன்னி மக்களைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதனைக் கூட்டு மனவடு என்ற கருத்தால் விளக்கினார். காயம் தனி ஆளுக்கு மட்டும் ஏற்படவில்லை. குடும்பம், அயல், ஊர், ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் எல்லாம் சேர்ந்தே காயப்பட்டன. அப்படியானால் மருந்தும் பிள்ளைக்கு மட்டும் கொடுத்து முடிகிற காரியமல்ல.

எங்கள் மண்ணில் துக்கம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசும். "நெஞ்சுக்குள்ளை அடைக்குது", "தலை விறைக்குது", "ஒரே யோசினை" என்று தாய்மார் சொல்வார்கள். பிள்ளைகள் வயிற்றுநோ, தலையிடி என்பார்கள். சிலர் பாடசாலைக்குப் போக மறுப்பார்கள், சிலர் சின்ன விடயத்துக்கும் கை நீட்டுவார்கள். மனநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "விசர் எண்டு சனம் கதைக்கும் டொக்டர்" என்பதே முதல் பதில். துணுக்காயின் உட்கிராமத்திலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு வர ஒரு நாட்கூலியையும் இழக்க வேண்டும். தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு தாய் எத்தனை தடவை அப்படி வருவார்?

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உறவினர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். பொட்டு வைப்பதா விடுவதா, திவசம் கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் வாழ்கிறார்கள். "அப்பா எங்கை?" என்ற கேள்விக்கு அம்மா ஒரு பதில் சொல்வார், அம்மம்மா வேறொரு பதில் சொல்வார். தவணைத் தொடக்கத்தில் விபரம் எடுக்கும் ரீச்சர், எல்லோர் முன்னிலையிலும் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? அதே விபரத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அதுவும் மனநல உதவிதான்.

அனர்த்த கால மனநல உதவி பற்றிய சர்வதேச வழிகாட்டி 2007இல் வெளியானது. அது உதவியை நான்கு படிகளாகக் காட்டுகிறது. அடிப்படையில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அதன் மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு. மூன்றாவது, பயிற்றப்பட்ட சாதாரண பணியாளரின் உதவி. உச்சியிலுள்ள சிறு பகுதியே என்னைப் போன்ற வைத்தியர்களுக்கும் விசேட நிபுணர்களுக்கும் உரியது. நாமோ பெரும்பாலும் உச்சியை மட்டுமே மனநலச் சேவை என்று நினைக்கிறோம்.

வடக்கு கிழக்கில் 420 மாணவர்களிடையே செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், 92 சதவீதமானோர் குண்டுவீச்சு, ஷெல் தாக்குதல், நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டோரின் ஞாபகசக்தியும் படிப்பும் குறைந்திருந்தன. அந்த மாணவர்களை நேர்கண்டவர்கள் உள்ளூரின் ஆலோசனை ஆசிரியர்கள். பயிற்சி கொடுத்தால் நமது ஆசிரியர்களால் இவ்வளவும் முடியும் என்பதை நான் இதில் காண்கிறேன். "மொக்கு" என்று பின்வாங்கில் இருத்தப்படும் பிள்ளை, இரவில் நித்திரையில்லாத பிள்ளையாக இருக்கலாம் என்பதையும் காண்கிறேன்.

குடும்பநல உத்தியோகத்தர், முன்பள்ளி ஆசிரியை, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், கிராமத்தில் சைக்கிளில் திரியும் உளசமூகப் பணியாளர் ஆகியோரே இரண்டாம், மூன்றாம் படிகளைத் தாங்குபவர்கள். நல்ல பணியாளர் முதல் நாளே நடந்ததைக் கிளறமாட்டார். தேத்தண்ணி குடிப்பார், கோழி வளர்ப்பைப் பற்றிக் கதைப்பார், அடுத்த கிழமையும் வருவார். மூன்றாம், நான்காம் தடவையில்தான் தகப்பனின் குடியும், நுண்கடன்காரரின் தொல்லையும், மகளுக்கு அவசரமாகப் பேசும் கலியாணமும் வெளியே வரும். அதன்பின்தான் எவரை எங்கே அனுப்புவது என்று தெரியவரும்.

இந்த இடத்தில்தான் என் கவலை. திட்டம் ஒன்றோ இரண்டோ வருடத்தில் முடியும், பணியாளர் போய்விடுவார். மனம் திறந்த பிள்ளை மீண்டும் ஒருவரை இழக்கும். ஒருநாள் பட்டறைகளும் அப்படித்தான். பதாகை, படம், மதியச் சாப்பாடு, அழுத பிள்ளைகள். அடுத்த நாள் அவர்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. அண்மையில் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது.

எனவே சங்கக் கிளைகளிடம் என் வேண்டுகோள் இது. புதிய கட்டடமோ ஒருநாள் நிகழ்வோ வேண்டாம். மாவட்ட மனநலப் பிரிவுடன் கலந்துபேசி, அவ்வூரைச் சேர்ந்த ஒரு பணியாளரின் சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் குறைந்தது ஐந்து வருடத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு மாதம் ஒருமுறை மேற்பார்வையும் கிடைக்கட்டும். பிறர் துயரைச் சுமப்பவருக்கும் சுமை இறக்க இடம் வேண்டும். பிள்ளைகளின் படங்களையும் கதைகளையும் நன்கொடையாளர் என்ற உரிமையில் கேட்காதீர்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் சகோதரிகள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் வகுப்பறையில் எழுதிவையுங்கள். உயிரை மாய்ப்பது பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றே வைத்தியசாலையுடன் தொடர்பு கொள்ளுங்கள்.

நூறு வருடமாக நமது பாடசாலை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறது: ஒரு பிள்ளை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறது. வன்னியில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு படலை வரை போகும் ஒருவரை நாம் நிறுத்திவைப்போம்.