மழலையர்க்கு உறவுப் பெயர்களைப் படங்காட்டிக் கற்பித்தல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

அங்கன்வாடியிலும் முதல் வகுப்பிலும் குழந்தைகளுக்குக் காட்டப்பெறும் படங்களுள் குடும்பப் படமும் ஒன்று. அதில் நரைத்த தலையுடன் ஒருவர் இருப்பார். கீழே 'தாத்தா' என்று எழுதியிருக்கும். நம் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து 'நானா' என்கிறது. தவறு என்று திருத்தப்படுகிறது. பிள்ளை சொன்னது தவறன்று, அது உருது. ஆயினும் இரண்டு மூன்று முறை இவ்வாறு திருத்தப்பெற்ற பிள்ளை அடுத்த முறை வாய் திறப்பதில்லை. 'மந்தமான குழந்தை' என்னும் பெயர் அங்கேயே வந்து ஒட்டிக்கொள்கிறது.

நமது தருமபுரி மாவட்டம் கன்னட நாட்டின் எல்லையை ஒட்டியது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. தமிழே பேசும் முஸ்லிம் வீடுகளிலும் சொற்கள் ஒன்றல்ல. தந்தையை அத்தா என்பாரும் உளர். வாப்பா என்பாரும் உளர். கடற்கரை ஊர்களில் அண்ணனைக் 'காக்கா' என்பர். பாடநூலிலோ காக்கா மரக்கிளையில் அமர்ந்திருக்கிறது! இலங்கை முஸ்லிம்களிடையே 'நானா' என்றால் அண்ணன், 'தாத்தா' என்றால் அக்கா.

சொல் மட்டும் மாறினால் மாற்றிச் சொல்லிக் கொடுத்துவிடலாம். உறவைப் பகுக்கும் முறையே மாறுகிறது. உருதுவில் தந்தையின் தந்தை தாதா, தாயின் தந்தை நானா. தமிழ்ப் பள்ளியில் இருவருமே தாத்தா. அதற்கு மாறாக, உருதுவில் 'பாய்' என்னும் ஒரு சொல் தமிழில் அண்ணன், தம்பி என இரண்டாகிறது. தாயின் உடன்பிறந்தாளாகிய காலா, மூத்தவளாயின் பெரியம்மா, இளையவளாயின் சின்னம்மா. ஆக, நம் பிள்ளை ஓரிடத்தில் இரண்டை ஒன்றாக்கவும் மற்றோரிடத்தில் ஒன்றை இரண்டாக்கவும் வேண்டியிருக்கிறது. நான்கு வயதில் இது எளிய வேலையா?

படங்காட்டிக் கற்பிப்பது புதியதன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658இலேயே குழந்தைகளுக்குப் படநூல் வெளியிட்டார். தமிழகத்திலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளைக் கொண்டே நடைபெற்றது. மாட்டின் படம் எல்லாப் பிள்ளைக்கும் மாடுதான். அண்ணன் படம் அப்படியன்று. ஒருவனுக்கு அண்ணன், வேறொருவனுக்கு மகன், இன்னொருவனுக்குத் தம்பி. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே 1920களிலேயே இதனை ஆராய்ந்தார். 'எனக்கு ஓர் அண்ணன் உண்டு' என்று சொல்லும் சிறுவன், 'உன் அண்ணனுக்குத் தம்பி உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்று விடையளிப்பதை அவர் கண்டார்.

ஆகவே கடையில் விற்கும் குடும்பப் பட அட்டவணையை வாங்கிச் சுவரில் மாட்டுவதால் பெரும்பயன் விளையாது என்பது என் கருத்து. சொந்த வீட்டாரின் புகைப்படமே தகுந்த படம். ஓர் அட்டையில் ஒருவர் போதும். கீழே வீட்டில் அழைக்கும் சொல்லை முதலிலும் பள்ளிச் சொல்லை அடுத்தும் தமிழெழுத்தில் எழுதுங்கள். 'நம் வீட்டில் நானா, பள்ளியில் தாத்தா' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வீட்டுச் சொல்லை அழித்துவிட்டுப் பள்ளிச் சொல்லைப் புகுத்த வேண்டா. பெயர் படிந்த பின்னர் அட்டைகளைத் தரையில் பரப்பி, 'இவர் உனக்கு யார்? நீ இவருக்கு யார்?' என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடை வரச் சில மாதங்கள் ஆகலாம், அவசரம் வேண்டா.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்ய வேண்டும். பெங்களூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் தந்தையைப் படத்தில் மட்டுமே காணும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தந்தையை இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'அப்பா' அட்டையை எல்லாரும் முதலில் எடுக்க வேண்டும் என்று விதிக்காதீர்கள். வளர்ப்பவர் நன்னியாயின் அவர் படத்திலிருந்தே தொடங்கட்டும்.

மக்தபில் பயிலும் சிறு பிள்ளைகளின் தாய்மார்கள் வீட்டார் புகைப்படங்களின் நகல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால், அட்டையில் ஒட்டி எழுதித் தரும் பணியை நமது இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளலாம். வீட்டில் எப்படி அழைக்கிறீர்கள் என்பதைப் படத்தின் பின்புறம் எழுதியனுப்ப மறவாதீர்கள்.