லக்ஸம்பர்க் தேசத்தின் ஜனத்தொகையும் செல்வமும்



மேற்கு ஐரோப்பாவில் 2,586 சதுர கிலோமீட்டரே விஸ்தீரணமுள்ள லக்ஸம்பர்க், தேச உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவென வகுத்துப் பார்க்குங்கால் உலகில் முன்வரிசையில் நிற்கின்றது. அவ்வகுத்தலை நாம் சற்றே ஆராய்வோம்.

சென்ற காலத்தில் அந்நாட்டுக் குடியானவர் வறுமையால் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். தென்பகுதியில் இரும்பெடுத்து உருக்குச் செய்யத் தொடங்கவே இத்தாலியரும், பின்னர்ப் போர்த்துகேசியரும் பிழைக்க வந்தனர். 1970-களில் உருக்குத் தொழில் சரிய, பாங்கித் தொழில் ஓங்கிற்று. இன்று வாசிகள் ஏறக்குறைய 6,70,000. அவர்களுட் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் அந்நியப் பிரஜைகள். அன்றியும் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில் வசிக்கும் 2,00,000-க்கு மேற்பட்டோர் எல்லை கடந்துவந்து உழைக்கின்றனர். இவர்தம் உழைப்பு உற்பத்திக் கணக்கிற் சேர்கின்றது. வகுக்கும் தலைகளிலோ இவர்தம் தலை சேர்வதில்லை! பத்து வருஷம் குடியிருந்த அந்நியருக்குச் சட்டசபைத் தேர்தலில் வோட்டளிக்கலாமாவென 2015-ம் வருஷத்தில் வினவியபோது, வாக்களித்தோரில் நூற்றுக்கு 78 பேர் கூடாதென்றனர்.