தொழிற்படிப்பும் குலக்கல்வியும் ஒன்றாகுமா?

(பிள்ளையார்பட்டியில் பேசியது)



இவ்வூருக்கு வருகிறவர்கள் குன்றைக் குடைந்து செய்த பிள்ளையாரைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே ஒழிய, குடைந்தவன் யார் என்று எவராவது கேட்கிறார்களா? உளி பிடித்தவனுக்குக் கணக்கும் தெரியும். கல்லின் குணமும் தெரியும். ஆனால், கையால் பாடுபடுகிறவன் கீழ்ஜாதி, கை அழுக்குப்படாமல் உண்பவன் மேல்ஜாதி என்று ஏற்படுத்திவிட்டபடியால், நம் நாட்டில் தொழில் வேறு, கல்வி வேறு என்று ஆகிவிட்டது.

இதன் பலன் என்ன? பட்டம் பெற்ற பிள்ளை, கையில் ஒரு தொழிலும் இல்லாமல் உத்தியோகத்துக்கு அலைகிறான். பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணம் வார்த்து, அழகான தரைக்கல் செய்கிறவனுக்கோ, வித்தையிருந்தும் படித்தவன் என்ற பெயரில்லை.

இந்த இரண்டையும் ஒன்று சேர்ப்பதுதான் சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் 1901ஆம் வருஷம் ஜோலியட் என்ற ஊரில் 6 மாணாக்கர்களோடு இப்படி ஒன்று துவங்கிற்று. வீட்டிலிருந்தே போய்வந்து, 2 வருஷம் குறைந்த செலவில் படித்து, தொழிலுக்கும் போகலாம். பெரிய பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். நம் பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் 1995லும், சென்னையில் ஒரு கல்லூரி 1996லும் இந்த வழியைத் துவக்கின.

ஏழைக்குப் படிப்புச் செலவு என்பது பீஸ் மாத்திரமா? பஸ் சார்ஜ், ஹாஸ்டல் சாப்பாடு, இவையெல்லாவற்றையும்விட, படிக்கும் காலத்தில் அவன் இழக்கிற கூலி! ஆகையால் படிப்பு பக்கத்தில் இருக்கவேண்டும், சுருக்கமாக இருக்கவேண்டும், வேலை செய்துகொண்டே படிக்கும்படியாகவும் இருக்கவேண்டும்.

"1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்தீர்களே, இப்போது நீங்களே தொழில் படி என்கிறீர்களே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகு என்றது. அது 1954இல் ஒழிந்தது. நான் கேட்பதோ, குயவன் மகள் மின்சாரத் தொழிலும், குருக்கள் மகன் கொத்து வேலையும், அவரவர் இஷ்டப்படி படிக்கவேண்டும் என்பதாகும்.

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். ஏழைப் பிள்ளைகளை மாத்திரம் அடைத்துவைத்து, மேலே போக வழியில்லாத ஒரு காகிதத்தைக் கொடுத்தால், அது குலக்கல்விக்குப் புதுப்பெயர்தான். பாலிடெக்னிக் படித்தவன் இன்ஜினீயரிங் கல்லூரியில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேருகிறான் அல்லவா? அந்தக் கதவு எல்லாத் தொழிற்படிப்புக்கும் திறந்திருக்கவேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? காரைக்குடியைப் பாருங்கள்! அழகப்ப செட்டியார் 1947இல் கல்லூரி வைத்தார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1953இல் நிலையம் திறக்கப்பட்டது. முட்புதர் மண்டிய பொட்டல் விஞ்ஞானக் கூடமாயிற்று. கோயில்களுக்கு வாரிக் கொடுத்த சீமையில் கல்விக்கும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களே! பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சர்டிபிகேட்டை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது சர்க்கார் ஒப்புக்கொள்ளுகிறது? தொழிலை உண்மையான பட்டறையில் கற்றுக்கொடுக்கிறீர்களா? இதை முடித்தபின் மேலே எந்தப் படிப்பில் சேரலாம்? பதில் சொல்லாதவனிடம் ஒரு காசும் கட்டாதீர்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.